ஹார்மோன் மாத்திரையும் மாறிப்போன சுபாவமும்

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இரவெல்லாம் உடம்பு தகித்து வியர்த்துக் கொட்டியதால் நான்கு மாதங்களுக்கு முன் ஹார்மோன் சிகிச்சை தொடங்கினார்கள். தினமும் எஸ்ட்ரடயால் 1 மி.கி. மாத்திரை, மாதத்தில் 12 நாள் இரவில் புரோஜெஸ்டிரோன் 200 மி.கி. தைராய்டு குறைவுக்காகத் தைராக்ஸினும் பல வருடமாக எடுத்துவருகிறேன். தகிப்பு போய்விட்டது, தூக்கம் வந்துவிட்டது. ஆனால் “நீ முன்ன மாதிரி இல்ல, எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுற” என்கிறார் கணவர். மாதத்தில் பத்து நாள் எனக்கே காரணம் தெரியாத எரிச்சலும் அழுகையும். சில வாரங்களாக ஒரே சோர்வு. தாம்பத்திய நாட்டமும் திரும்பவில்லை. மாத்திரை என் குணத்தை மாற்றுகிறதா? நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம். நீங்கள் சொல்லியிருப்பவை நான்கு தனித்தனி விஷயங்கள். எல்லாவற்றுக்கும் “ஹார்மோன்” என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால்தான் குழப்பம். பத்து நாள் எரிச்சலுக்குப் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் காரணம். சோர்வுக்கு உங்கள் தைராக்ஸின் அளவு போதாமல் போயிருக்கலாம். நாட்டக் குறைவில் ஈஸ்ட்ரோஜனை (உங்கள் எஸ்ட்ரடயால் அதில் ஒரு வகை) வாய்வழி எடுப்பதற்கும் பங்கு இருக்கலாம். எதிர்த்துப் பேசுவதற்கு மட்டும் மருந்தின் மேல் பழி போட ஆதாரம் மிகக் குறைவு. அதிலிருந்தே தொடங்கலாம்.

ஹார்மோன் ஒருவரின் நடத்தையை மாற்றுமா என்பதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், மாதவிடாய் நின்ற 50 முதல் 65 வயது வரையிலான 200 பெண்களை மூன்றாகப் பிரித்து, நான்கு வாரம் ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜன், ஒரு பிரிவுக்கு டெஸ்டோஸ்டிரோன், மற்றதற்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பணத்தை வைத்துச் சில விளையாட்டுகள்: அடுத்தவரை எவ்வளவு நம்புகிறார்கள், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள், நியாயமில்லாத பங்கீட்டை ஏற்கிறார்களா, துணிந்து இறங்குகிறார்களா என்று பார்த்தார்கள். மூன்று பிரிவுகளுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

நான்கு வாரம் குறுகிய காலம்தான். நீண்ட காலத்துக்கு அமெரிக்காவின் பெண்கள் நல முன்முயற்சி ஆய்வு இருக்கிறது. அதில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து) சேர்ந்த சிகிச்சைக்கான பகுதியில் 16,608 பெண்கள் இருந்தார்கள். 2003-இல் வெளியான அதன் வாழ்க்கைத் தர முடிவுகளில், மனநிலையிலும் உற்சாகத்திலும் தாம்பத்தியத் திருப்தியிலும் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர்களுடைய சராசரி வயது 63, பலருக்குத் தகிப்புத் தொல்லையே இல்லை என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரவில் நான்கு முறை வியர்த்து எழுந்துகொண்டிருந்த ஒருவருக்கு மருந்தால் நடப்பது வேறு: தகிப்பு அடங்குகிறது, தூக்கம் வருகிறது, பகல் மாறுகிறது.

மாதக்கணக்கில் தூங்காத ஆள் எதற்கும் “சரி” என்று சொல்லிவிட்டுப் படுக்கத்தான் பார்ப்பார். தூங்கி எழுந்தவர் “ஏன்?” என்று கேட்பார். கூட இருப்பவர் கண்ணுக்கு இது புதுக் குணமாகத் தெரியும். உங்கள் கணவர் எந்தக் காலத்தை “முன்ன” என்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் கெட்ட அந்த ஒன்றிரண்டு வருடங்களோடு ஒப்பிட்டால் ஒரு விடை வரும், 45 வயதில் நீங்கள் இருந்ததோடு ஒப்பிட்டால் வேறு விடை வரும்.

பத்து நாள் எரிச்சல் அப்படிப்பட்டதல்ல, அதற்கு வேதிக் காரணமே உண்டு. விழுங்கிய புரோஜெஸ்டிரோனின் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடுகிறது. அப்போது உருவாகும் பொருள்களில் ஒன்று அல்லோபிரெக்னனோலோன். மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ ஏற்பிகளில் இது போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு இதனால் தூக்கம் வரும், அதனால்தான் இரவில் எடுக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு இதுவே தலைகீழாக வேலை செய்து எரிச்சல், அழுகை, படபடப்பு தரும். இளவயதில் மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மனம் கலங்கியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடும் என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது. சிலருக்கு நடுத்தர அளவுதான் தொந்தரவு தருகிறது, கூடுதல் அளவு அமைதியாக்குகிறது. ஆகவே நீங்களாகப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஆபத்தும் உண்டு.

அந்த ஆபத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மனநிலைக்காகப் புரோஜெஸ்டிரோனை மட்டும் ஓசையில்லாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பையின் உள்சவ்வு கட்டுப்பாடில்லாமல் வளரும். 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனை மட்டும் மூன்று வருடம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு ஏதோ ஒரு வகையில் இப்படிச் சவ்வு தடித்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத்தான். தடித்த சவ்வு புற்றுநோய்க்கு வழிவிடலாம். நிறுத்துவதானால் இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். கருப்பையை அகற்றியவர்களுக்குப் பொதுவாகப் புரோஜெஸ்டிரோனே தேவைப்படாது, அவர்களுக்கு இந்தச் சிக்கலும் இல்லை.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எட்டு வாரம், அதாவது புரோஜெஸ்டிரோன் சுற்று இரண்டு முழுமையாக வரும்படி எழுதுங்கள். தினமும் இரவு ஒரே நேரத்தில், முந்தைய நாள் எண்ணைப் பார்க்காமல், இவற்றைக் குறியுங்கள்: புரோஜெஸ்டிரோன் எடுத்த நாளா, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை முறை வியர்த்து எழுந்தீர்கள், எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். உங்கள் கணவரும் தனியாக ஒரு தாளில் தம் கணிப்பை எழுதட்டும். நீங்கள் எந்த நாளில் எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தேதியைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடுவார். இதில் அவர்மேல் குறை எதுவும் இல்லை, யாருடைய கண்ணும் எதிர்பார்த்ததைத்தான் முதலில் காணும்.

இரண்டு சுற்றிலும் புரோஜெஸ்டிரோன் தொடங்கிச் சில நாளில் எண் ஏறி, நிறுத்திய சில நாளில் இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. ஒரு சுற்றில் மட்டும் ஏறினால் அந்த வாரம் வீட்டிலோ வேலையிலோ வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். மாதம் முழுக்க எண் மேலேயே இருந்தால் காரணம் புரோஜெஸ்டிரோன் இல்லை.

காரணம் அதுதான் என்று தெரிந்தால் மருத்துவரிடம் கேட்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மாதத்தில் 12 நாள் 200 மி.கி. என்பதை விட்டுத் தினமும் 100 மி.கி. எடுப்பது. ஏறி இறங்கும் அலை இதில் இல்லை, மூளை ஒரே அளவுக்குப் பழகிக்கொள்ளும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது இரத்தக்கசிவு இருக்கலாம், அதற்குப் பிறகும் நீடித்தால் பரிசோதிக்க வேண்டும். இரண்டாவது, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் 52 மி.கி. உள்ள, கருப்பைக்குள் பொருத்தும் சாதனம். மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் மூளைக்கு எட்டுவது குறைவு. சிலருக்கு இதிலும் மனம் சோரும், ஆனால் ஒரு முறை பொருத்தினால் ஐந்து வருடம் சவ்வைக் காக்கும். மூன்றாவது, அதே புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பு வழியாக வைப்பது. கல்லீரலைத் தாண்டிப் போவதால் அல்லோபிரெக்னனோலோன் குறைவாகவே உருவாகும். இதற்கு அளவையும் நாட்களையும் மருத்துவர்தான் குறித்துத் தர வேண்டும். இம்மூன்றில் முதலாவதையே முதலில் முயலலாம். செலவில்லாத மாற்றம், பிடிக்காவிட்டால் பழையபடி திரும்பிவிடலாம்.

அடுத்து சோர்வு. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, தைராய்டு ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தை இரத்தத்தில் கூட்டுகிறது. தைராய்டு சுரப்பி நன்றாக வேலை செய்பவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். மாத்திரையை நம்பியிருக்கும் உங்களுக்கு ஈடுகட்ட ஆளில்லை. பழைய தைராக்ஸின் அளவு மெல்ல மெல்லப் போதாமல் போய், மந்தம், எடை கூடுதல், எதிலும் பிடிப்பின்மை என்று வெளிப்படும். ஈஸ்ட்ரோஜன் தொடங்கிய 6 முதல் 12 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். எஸ்ட்ரடயால், எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) அளவுகளையும் சேர்த்துப் பார்க்கட்டுமா என்று கேட்டால், இந்த வயதில் அவை இந்தக் கேள்விக்கு விடை தராது.

நாட்டக் குறைவும் இதே கல்லீரல் கதைதான். வாய்வழி ஈஸ்ட்ரோஜன், பாலின ஹார்மோன்களைக் கட்டும் இன்னொரு புரதத்தையும் ஏற்றிவிடும். பெண்ணின் உடலில் சிறு அளவில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனை அது பிடித்துக்கொள்வதால் வேலைக்குக் கிடைப்பது குறைகிறது. தோல் வழியாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் இல்லை. இரத்தம் உறையும் அபாயத்திலும் தோல்வழியே மேல். எனவே 1 மி.கி. மாத்திரைக்குப் பதில், நாளுக்கு 50 மைக்ரோகிராம் வெளியிடும் ஒட்டுப் பட்டைக்கு மாறலாமா என்று கேளுங்கள். மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். இடையில் தைராக்ஸினைக் கூட்டியிருந்தால் இப்போது அது மிகையாகி, படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். அதையும் “ஹார்மோன் கோபம்” என்று எழுதிவிடுவார்கள்!

பட்டையை இடுப்புக்குக் கீழே, எண்ணெயோ களிம்போ படாத உலர்ந்த தோலில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். மார்பில் ஒட்டக் கூடாது. வாரம் இருமுறை மாற்றும் வகையென்றால் திங்கள், வியாழன் என்று கிழமையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நாள் அப்படியே விட்டால் கடைசி நாட்களில் தகிப்பும் சிடுசிடுப்பும் எட்டிப்பார்க்கும். குணம் மாறுகிறது என்று பயந்துவிட வேண்டாம், முதலில் பட்டையின் தேதியைப் பாருங்கள்.

ஜெல் கொடுத்தால் ஒரு குடும்பப் பிரச்சினை கவனிக்கப்பட வேண்டும். பூசிய தோலை மற்றவர் தொட்டால் மருந்து அவருக்கும் போகும். தோலில் தெளிக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்தால் சிறுகுழந்தைகளுக்கு மார்பு வளர்ந்ததைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இலேயே எச்சரித்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கும் அது சென்றிருக்கிறது. பூசியதும் கையைச் சோப்பால் கழுவி, இடம் காய்ந்தபின் துணியால் மூடி, ஒரு மணி நேரம் யாரும் அங்கே உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவின்போது வலியோ வறட்சியோ இருந்தால் நாட்டம் எந்த மருந்தாலும் திரும்பாது. அதற்குப் பிறப்புறுப்பில் வைக்கும் எஸ்ட்ரடயால் 10 மைக்ரோகிராம் மாத்திரை, முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம், மனநிலையைத் தொடாது. இதெல்லாம் சரியான பிறகும் நாட்டமின்மை உங்களுக்கு மனவேதனை தந்தால் மட்டுமே டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிப் பேசலாம். 2019-இல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட உடன்பாடு, மாதவிடாய் நின்ற பெண்களின் நாட்டக் குறைவுக்கு மட்டுமே இதற்கு ஆதாரம் உண்டு என்கிறது. உற்சாகத்துக்கும் நினைவாற்றலுக்கும் என்று விற்பதை நம்ப வேண்டாம். தொடங்கும் முன்பும் 3 முதல் 6 வாரத்திலும் இரத்த அளவு பார்த்து, ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அளவு மீறினால் முகப்பரு, முகத்தில் முடி, குரல் தடிப்பு வரும். இவற்றில் குரல் மட்டும் பழையபடி திரும்பாமலே போகலாம்.

எல்லா மாற்றத்தையும் ஒரே நாளில் செய்துகொள்ளாதீர்கள். முதலில் டி.எஸ்.எச்., பிறகு பட்டை, எட்டு வாரம் கழித்துப் புரோஜெஸ்டிரோன் என்ற வரிசையில் போனால்தான் எது எதைச் சரிசெய்தது என்று தெரியும். எரிச்சல் தாங்க முடியாத அளவென்றால் புரோஜெஸ்டிரோனை முன்னால் கொண்டுவாருங்கள்.

எட்டு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் அதற்கு ஓரளவு உதவியிருக்கிறது. நின்ற பிறகு அந்தப் பலன் தெரியவில்லை, ஆகவே மனநல மருத்துவரின் சிகிச்சைதான் வேண்டும். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தூங்காமலேயே அளவுமீறிய உற்சாகம், நிறுத்தாத பேச்சு, கண்மண் தெரியாத செலவு என்று வீட்டார் கண்டால் அதுவும் அன்றே பார்க்க வேண்டியது. ஒரு பக்கக் கால் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல் வந்தாலும் அப்படித்தான். புரோஜெஸ்டிரோன் முடிந்ததும் வரும் இரத்தப்போக்கு எதிர்பார்த்ததே. அது மிக அதிகமாக இருந்தாலோ மற்ற நாட்களில் வந்தாலோ நோட்டுப் புத்தகத்தில் தேதியைக் குறித்துக்கொண்டு அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.