அமெரிக்காவில் கட்சிகள் முளைத்த கதை: கேள்வி பதில்

1789 முதல் 1801 வரையிலான காலம்தான் நான் ஊன்றிப் படித்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் எது வேண்டுமானாலும் கேளுங்கள். இன்றைய அமெரிக்க அரசியலோடு முடிச்சுப் போடும் கேள்விகளை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

திருச்சிக்காரன்: சார், அங்கே முதல் கட்சியை யார், எந்தத் தேதியில் தொடங்கினார்கள்?

தேதியே கிடையாது. கொடி ஏற்றவில்லை, மாநாடு கூட்டவில்லை. அரசியல் சட்டத்திலும் கட்சி பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர்களைப் பொறுத்தவரை கட்சி என்பது நோய். அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான மாடிசன் 1787இல் கட்டுரை எழுதியது கோஷ்டிகளின் கேட்டை எப்படி அடக்குவது என்பதைப் பற்றித்தான். கட்சியோடுதான் சொர்க்கம் போக முடியும் என்றால் அந்தச் சொர்க்கமே வேண்டாம் என்று 1789இல் ஒரு கடிதத்தில் எழுதினார் ஜெபர்சன். இந்த இரண்டு பேர்தான் சில வருடத்திலேயே ஒரு கட்சிக்குத் தலைமை தாங்கினார்கள்!

பிளவு பணத்தில் ஆரம்பித்தது. 1790 ஜனவரியில் கருவூலச் செயலர் ஹாமில்டன் நாடாளுமன்றத்தில் கடன் அறிக்கை வைத்தார். சுதந்திரப் போர்க் காலக் கடன் பத்திரங்களுக்கு முழு மதிப்பு கொடுப்போம், மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே ஏற்கும் என்றார். அதை எதிர்த்து நின்றவர், அதுவரை அவருடைய தோழராக இருந்த மாடிசன். 1791இல் தேசிய வங்கி, சாராய வரி. 1793இல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கின. எந்தப் பக்கம் சாய்வது என்று ஊருக்கு ஊர் சண்டை. கடைசியில் பிரிட்டனோடு போட்ட ஜே ஒப்பந்தம். 1795இல் செனட் 20-10 என்று அதை ஏற்றது, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு ஓட்டு குறைந்தாலும் விழுந்திருக்கும். அடுத்த வருடம் அதற்கான பணத்தைக் கீழ்ச் சபை 51-48 என்று ஒதுக்கியது. எனக்கு அந்த ஓட்டெடுப்புதான் அடையாளம். அதற்குள் யார் ஃபெடரலிஸ்ட் (ஹாமில்டன் பக்கம்), யார் ரிபப்ளிகன் (ஜெபர்சன், மாடிசன் பக்கம்) என்று உறுப்பினர் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது.

நெய்தல்: ஜெபர்சனின் ரிபப்ளிகன் கட்சிதானே இன்றைய ரிபப்ளிகன் கட்சி?

இல்லை. இன்றைய கட்சி 1854இல் அடிமை முறை பரவுவதை எதிர்த்துப் பிறந்தது. ஜெபர்சனின் ஆட்கள் 1820களில் உடைந்தபோது, ஆண்ட்ரூ ஜாக்சன் பக்கம் போன பிரிவிலிருந்து டெமாக்ரட் கட்சி வந்தது. அதையும் நேர்கோடாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்: ஹாமில்டன் சிப்பாய்களை ஏமாற்றினார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தானே பணம்? முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் கேட்கிறேன்.

அய்யா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1783இல் படையைக் கலைத்தபோது அரசிடம் ரொக்கம் இல்லை. சம்பள பாக்கிக்குக் காகிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தவனுக்கு விதைக்கும் வரிக்கும் பணம் வேண்டும். டாலருக்குச் சில சென்ட் என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். ஏழு வருடம் கழித்து அந்தக் காகிதத்துக்கு முழு மதிப்பு என்று அறிக்கை வருகிறது. தலைநகர் அப்போது நியூயார்க். செய்தி தெற்கே எட்டுவதற்குள் பத்திரங்களை வாங்கிவிடக் கப்பல்கள் கிளம்பின. இரண்டு வாரத்துக்குள் மூன்று கப்பல் போயிருக்கிறது என்று ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் சபையிலேயே குமுறினார்.

மாடிசன் சொன்ன வழி: இப்போது வைத்திருப்பவருக்குச் சந்தையில் இருந்த உச்ச விலை, மீதி முதலில் வாங்கிய சிப்பாய்க்கு. 36-13 என்று தோற்றது. அந்த 13 பேரில் பெரும்பாலோர் வர்ஜீனியாக்காரர்கள். பின்னால் வந்த பிளவின் முதல் கோடு அங்கேதான் தெரிகிறது.

தாமிரபரணி: அப்படியென்றால் மாடிசன்தான் நியாயம். காசாளர் அய்யா சட்டம் பேசுகிறார். வயிற்றுக்கு விற்றவனுக்கு நியாயம் வேண்டாமா?

ஓய்வுபெற்ற காசாளர்: தம்பி, வாங்கினவனும் ரிஸ்க் எடுத்துத்தான் வாங்கினான். அரசு பணமே தராமல் போயிருந்தால் அவன் கதி? நாளைக்கு அரசு பத்திரம் விற்றால் யார் வாங்குவார்கள்?

இருவரும் 1790 பிப்ரவரியில் சபையில் நடந்த விவாதத்தை அப்படியே நடத்துகிறீர்கள். எனக்கு வேலை மிச்சம். காசாளர் அய்யா சொன்னது ஹாமில்டனின் வாதமேதான்: விற்பவனின் உரிமை முழுதாக வாங்கியவனுக்குப் போகாவிட்டால் பத்திரத்துக்குச் சந்தையே இருக்காது. நடைமுறையிலும் மாடிசன் திட்டத்தில் ஓட்டை இருந்தது. ஒரே காகிதம் நாலு கை மாறியிருந்தால் யாருக்கு எவ்வளவு என்று எந்தப் பேரேட்டைப் பார்த்துச் சொல்வது?

ஆனால் தாமிரபரணிக்கும் ஒரு பிடி இருக்கிறது. ரிஸ்க் எடுத்தவன் என்ற வாதம் 1785இல் வாங்கியவனுக்குப் பொருந்தும். அறிக்கையைக் காதில் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவனுக்கு என்ன ரிஸ்க்? வட கரோலினா செனட்டர் ஹாக்கின்ஸ் நியூயார்க்குக்கு வரும் வழியில், பத்திரம் வாங்கப் பெரும் பணத்தோடு தெற்கே விரைந்த இரண்டு தூதர்களைப் பார்த்ததாகச் சொன்னார். பென்சில்வேனியா செனட்டர் மெக்லே அதை டைரியில் எழுதி வைத்தார். சபை உறுப்பினர்களே வாங்குகிறார்கள் என்று அந்த டைரி முழுக்கப் பொருமல்தான். ஹாமில்டனின் கணக்கு சரி, அவரைச் சுற்றி இருந்தவர்கள் சரியில்லை என்பது என் கட்சி.

தாமிரபரணி: ஹாமில்டனே சம்பாதித்தாரா?

இல்லை. அவருடைய உதவியாளராக இருந்த வில்லியம் டூயர் சூதாடினார்; 1792 பங்குச் சந்தைச் சரிவில் கடனாளிச் சிறைக்குப் போனார். ஹாமில்டன் இறந்தபோது குடும்பத்துக்குக் கடன்தான் மிஞ்சியது. இந்த விவாதத்தை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

புதுவை வாசகி: ஒரு விருந்தில் தலைநகரைப் பேரம் பேசி மாற்றினார்களாமே? கட்சி அங்கேதான் பிறந்ததா?

நேர்மாறு. 1790 ஜூனில் ஜெபர்சன் வீட்டில் ஹாமில்டனும் மாடிசனும் சாப்பிட்டார்கள்: மாநிலக் கடனுக்குத் தெற்கு வழிவிடும், தலைநகர் பொட்டோமாக் கரைக்குப் போகும். விருந்தைப் பற்றி நமக்குத் தெரிவது ஜெபர்சன் பின்னாளில் எழுதியதுதான், அதனால் கொஞ்சம் உப்புச் சேர்த்துப் படியுங்கள். அது விரிசலைப் பூசிய சமரசம். இரண்டு வருடத்தில் ஜெபர்சன் வாஷிங்டனுக்கு எழுதினார்: ஹாமில்டன் என்னை ஏமாற்றிக் கருவியாக்கிவிட்டார் என்று.

கொங்குத் தமிழன்: ஜெபர்சன் அரசுப் பணத்தில் பத்திரிகை நடத்தியது உண்மையா?

பாதி உண்மை. ஹாமில்டன் பக்கத்துக்கு ஃபென்னோவின் பத்திரிகை இருந்தது. கருவூல அச்சு வேலை அவருக்குப் போனது. பதிலுக்கு ஜெபர்சனும் மாடிசனும் கவிஞர் பிரெனோவைப் பிலடெல்பியாவுக்கு இழுத்தார்கள். ஜெபர்சன் பொறுப்பில் இருந்த வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை, வருடம் 250 டாலர். 1791 அக்டோபரில் பத்திரிகை வந்தது; வாஷிங்டனின் அமைச்சராக இருந்துகொண்டே வாஷிங்டன் அரசைத் திட்டும் பத்திரிகைக்காரருக்கு ஜெபர்சன் சம்பளம் கொடுத்தார். ஹாமில்டன் புனைபெயரில் இதைப் போட்டு உடைத்தார். ஜெபர்சன், நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்றார். எழுதியிருக்கமாட்டார்தான்; எழுது எழுது என்று மாடிசனைத்தான் பிடித்துத் தள்ளுவார்.

வெண்பா: டெமாக்ரட் கட்சியின் கழுதைச் சின்னம் ஜெபர்சன் காலத்ததா?

இல்லை. கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட், 1870களில் பிரபலமாக்கினார். மேலே வேண்டுகோள் வைத்திருந்தேன்.

நாகை மீனவன்: ட்ரம்பின் கட்சி ஹாமில்டன் வழியா, ஜெபர்சன் வழியா?

நெய்தலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சேலத்து வாசகர்: வாஷிங்டன் கட்சி சாராதவர்தானே?

தன்னை அப்படித்தான் நினைத்தார். ஆனால் கடன், வங்கி, ஜே ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கையெழுத்து ஹாமில்டன் பக்கம்தான் விழுந்தது. சாராய வரிக் கலகத்துக்குப் பிறகு, 1794 நவம்பரில், அரசை விமர்சித்த ஜனநாயகச் சங்கங்களை நாடாளுமன்ற உரையிலேயே சாடினார். கட்சிகளுக்கு எதிரான 1796ஆம் ஆண்டுப் பிரிவுரையின் வரைவைப் பெரும்பாலும் எழுதிக்கொடுத்தவர் யார்? ஹாமில்டன்.

கரிசல்: சபைக்குள் அடிதடி நடந்ததா?

நன்றாகவே. 1798 ஜனவரியில் கனெக்டிகட் ஃபெடரலிஸ்ட் கிரிஸ்வோல்ட், வெர்மாண்ட் ரிபப்ளிகன் மேத்யூ லயனின் போர்க்கால மானத்தைக் கிண்டலடித்தார். லயன் முகத்தில் துப்பினார். அவரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. பிப்ரவரி 15 அன்று கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு வந்து உட்கார்ந்திருந்தவரை விளாசினார். லயன் கணப்படுப்பின் இடுக்கியை எடுத்துக்கொண்டு எதிர்த்தார். அந்த வருடமே, அரசைத் திட்டி எழுதுவதைக் குற்றமாக்கிய ராஜதுரோகச் சட்டத்தில் லயனுக்கு நான்கு மாதச் சிறை, 1000 டாலர் அபராதம். சிறையிலிருந்தே மறுபடி ஜெயித்தார். அதிபர் தேர்தலில் ஜெபர்சனும் அவர் கட்சியின் பர்ரும் 73-73 என்று சமமாகி 1801இல் கீழ்ச் சபை 36 முறை ஓட்டெடுத்ததே, அந்த 36ஆவது முறையில் வெர்மாண்ட் மாநிலத்தின் ஓட்டை ஜெபர்சனுக்குக் கொடுத்தவர் இதே லயன்.

தாமிரபரணி: 1800இல் ஜெபர்சன் ஜெயித்தது அடிமைகளின் தலைக்கணக்கால்தானே?

நீங்கள் விடமாட்டீர்கள். ஓட்டில்லாத அடிமைகளில் ஐந்துக்கு மூன்று பேரைச் சேர்த்து எண்ணியதால் தெற்குக்குக் கிடைத்த கூடுதல் இடங்கள், அப்போதைய அதிபர், ஃபெடரலிஸ்ட் ஆடம்ஸ் தோற்ற 8 ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகம். அது உண்மை. ஆனால் பர் பாடுபட்டு வென்ற நியூயார்க்கின் 12 ஓட்டும் அதே அளவு முக்கியம். அந்த மாநிலத்தின் ஃபெடரலிஸ்ட் மேலவை முரண்டு பிடிக்காவிட்டால் பென்சில்வேனியாவும் 8-7 என்று பிரிந்திருக்காது.

சிங்காரச் சென்னை: இதில் எதற்காவது நம் ஊரோடு தொடர்பு உண்டா?

ஜே ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு. பிரிட்டனின் கிழக்கிந்தியத் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்ய அனுமதி. சென்னையும் கல்கத்தாவும் அதில் அடக்கம்.

ஓய்வுபெற்ற காசாளர்: ஃபெடரலிஸ்டுகள் ஏன் ஒழிந்தார்கள்? அவர்கள் கணக்கு சரியாகத்தானே இருந்தது?

கணக்கு சரி, மக்களிடம் ஓட்டுக் கேட்பதுதான் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். 1814 டிசம்பரில் பிரிட்டனோடு நடந்த போருக்கு நடுவே ஹார்ட்போர்டில் கூடிக் குறைப்பட்டியல் போட்டார்கள். அது வாஷிங்டன் நகரை அடைந்த நேரம் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் சமாதானச் செய்தியும் வந்துவிட்டன. துரோகிகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1816 அதிபர் தேர்தலில் அவர்களுடைய ரூஃபஸ் கிங்குக்கு 34 ஓட்டு, ரிபப்ளிகன் மன்ரோவுக்கு 183. 1820இல் எதிர்க்க ஆளே நிறுத்தவில்லை. அந்தத் தேர்தலில் மன்ரோவுக்கு எதிராக விழுந்த ஒரே ஓட்டு, ஏகமனதுப் பெருமை வாஷிங்டனுக்கு மட்டுமே இருக்கட்டும் என்று போட்டது என்பார்கள். கட்டுக்கதை. போட்ட வில்லியம் பிளமருக்கு மன்ரோவைப் பிடிக்காது, அவ்வளவுதான்.