கோப்பையை விடுங்கள், ரேசரைத் தனியாக வையுங்கள்

இரத்ததானம் செய்தபோது ஹெபடைட்டிஸ் பி (ஈரலைத் தாக்கும் கிருமி) இருப்பது தெரியவந்தது, வீட்டில் கோப்பை, தட்டைத் தனியாக வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கேட்ட விதத்தைப் பார்த்தால் யாரோ ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் இலங்கையில் மட்டக்களப்பு, ஆரையம்பதிப் பக்கம். 2016இல் ஊரில் நடந்த முகாமில் முதல்முறை இரத்தம் கொடுத்தேன். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது, சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. சந்தியில் கொமினிகேஷன் கடைத் தம்பியிடம் கொடுத்தேன். "அண்ணன், உங்கட ரத்தத்தில ஏதோ கிருமியாம், வரட்டாம்" என்றான். கடிதத்தை நுனியில் பிடித்துத்தான் திருப்பித் தந்தான். தமிழ் 1987இலேயே ஆட்சிமொழி ஆகிவிட்டது. கரண்ட் பில் என்றால் பரவாயில்லை. ஒருவனுடைய வருத்தத்தை அவனால் வாசிக்க முடியாத எழுத்தில் அனுப்பினால் அது அவனுக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடும். சரி, அது வேறு கதை.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டில்தான் குடியிருப்பு. ஆக வீடும் மாமியுடையது, கோப்பையும் மாமியுடையது. அன்று பின்னேரமே எனக்கு ஒன்றை ஒதுக்கி, மாறிப்போகாமல் அடியில் சிவப்புக் கியூட்டெக்ஸால் பொட்டும் வைத்துவிட்டா. "குறை நினைக்காதிங்க மருமகன், புள்ளைகள் இருக்கிற வீடு."

மாமியைக் குற்றம் சொல்ல முடியாது. 1990இல் அகதி முகாமில் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) எப்படிப் பரவியது என்று கண்ணால் பார்த்தவ. அது அநேகமாக ஹெபடைட்டிஸ் ஏ வகையாக இருந்திருக்கும். ஏயும் ஈயும் மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவன. அங்கே கை, பாத்திரம், கிணறு எல்லாம் கவனிக்க வேண்டும். பி அப்படியில்லை. இரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்து வராது. ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டிதான் தனியாக வேண்டும். காய்ந்த இரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாள் தாக்குப்பிடிக்கும்.

எப்படி வந்தது என்பதுதான் ஊருக்குச் சுவையான கேள்வி. என் மனைவியிடமே கேட்டார்கள். கிளினிக்கில் சொன்னது இது: பெரியவர்களுக்குத் தொற்றினால் இருபதில் ஒருவருக்குக்கூட நிலைப்பதில்லை, பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பதுக்கு நிலைத்துவிடும். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள், எனக்குப் போகவில்லை. அம்மாவைச் சோதிக்க அம்மா இல்லை. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் நான் ஊகிக்கிறேன். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும்.

இடையில் இரண்டு மாதம் வெறுவயிற்றில் கீழ்காய்நெல்லி குடித்தேன். நாட்டு வைத்தியத்தைத் தாக்குகிறேன் என்று கீழே சண்டைக்கு வராதீர்கள். எனக்கு ஒன்றும் மாறவில்லை, அவ்வளவுதான். பசி நன்றாக எடுத்தது, கண்ணும் மஞ்சளாகவில்லை, அதனால் கிளினிக்கை ஒருமுறை விட்டேன். அது என் மடத்தனம். இந்த வருத்தம் வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் இருந்து ஈரலைச் சுருக்கும், புற்றுநோயாகவும் மாறலாம். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருதரம் இரத்தமும் ஸ்கேனும் பார்க்கிறேன். கிருமி அளவு குறைவு என்பதால் குளிசை தொடங்கவில்லை. உங்களுக்கு வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் டாக்டர் இல்லை.

கோப்பைக்கு யோசிக்கும் நேரத்தில் வீட்டாரைச் சோதிக்கக் கூட்டிப்போங்கள். இலங்கையில் 2003இலிருந்து குழந்தைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள், அதனால் என் பிள்ளைகள் தப்பினார்கள். மனைவிக்குத் தொற்றவில்லை, மூன்று ஊசி போட்டோம். முதலாவது, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அந்த மூன்றாவதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். கலண்டரில் குறித்து வைத்திருந்தது மாமிதான், அதே சிவப்புக் கியூட்டெக்ஸால்.