காணியை ஈடு வைக்க வேண்டாம், கழித்த போர்டுகளைத் தேடுங்கள்

உப்புவெளியிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

ஏ/எல் தொழில்நுட்பப் பிரிவில் மகனுக்குப் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி காணாது. கொழும்புப் பெரியப்பா தனியார் நிறுவனமொன்றில் சொப்ட்வெயர் டிகிரிக்கு இடம் பார்த்துவிட்டார். சாம்பல்தீவுக் காணியை ஈடு வைத்தால் முதல் வருடக் காசு கட்டலாம் என்கிறார். பிள்ளையோ எந்நேரமும் பழுதான ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு இருக்கிறான். இதுதானே விஷயம்? பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆறுதல் சொல்வது இத்துடன் சரி. காணியை ஈடு வைக்காதீர்கள்.

முதல் வருடத்துக்கு அப்புறம் இரண்டாம், மூன்றாம் வருடங்கள் இருக்கின்றன. போர்டிங், சாப்பாடு, பஸ் காசு இருக்கிறது. அதையெல்லாம் யார் கட்டுவது என்று பெரியப்பா சொல்லவில்லை. புரோகிராம் எழுத எனக்கு விருப்பம் என்று மகன் சொன்னதாகவும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

திரும்ப ஏ/எல், வெளிநாடு, அரசாங்க வேலை பற்றியெல்லாம் சொந்தக்காரர் போதிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது வேறு: மிகச் சிறிய மின் பாகங்களைச் சொல்டர் பண்ண, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்ட, அவனைப் பழக விடுங்கள். நிலாவெளி ஹோட்டல்களின் ஏசிக்குள் இருக்கும் போர்டும் (மின்சுற்றுத் தகடு), கொட்பேயில் கட்டி நிற்கும் படகுகளின் ஜீபிஎஸ்ஸும் உப்புக் காற்றில் பச்சை பிடித்துப் பழுதாகின்றன. முழு போர்டையும் மாற்றச் சொல்ல யாராலும் முடியும். அரிசியை விடச் சிறிய ஒரு பாகத்தை மட்டும் மாற்றத் தெரிந்த கைக்குத்தான் மதிப்பு.

பழகுவதற்குப் புது போர்ட் வாங்காதீர்கள். மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் ரிப்பேர் கடைகளில் கழித்ததைப் போட்டு வைக்கும் பெட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். பழைய இரும்பு எடுக்க வரும் ஓட்டோக்காரரிடமும் கேட்கலாம், அவருக்குச் செம்பும் அலுமினியமும்தான் முக்கியம். மகன் கூச்சப்படுவான். பரவாயில்லை, அவனே போய்க் கேட்கட்டும்.

எல்லா போர்டும் உதவாது. எல்ஈடி பல்ப்பின் அலுமினியத் தகடு சூட்டை இழுத்துவிடும், சொல்டர் இலகுவில் உருகாது. கம்பியூட்டர் மதர்போர்டின் செம்பு அடுக்குகளும் அப்படித்தான். போன் போர்டில் பாகங்கள் மிக நெருக்கம், அது பிறகு. டிவிடி பிளேயர், செட்டொப் பெட்டி, ரவுட்டர், ஹார்ட்டிஸ்க்கின் அடியில் இருக்கும் போர்ட் ஆகியவை நல்லவை. ஐசி எனும் கறுப்புச் சில்லின் முதுகில் பல நேரம் நாலு இலக்கம் இருக்கும். 0437 என்றால் 2004ஆம் ஆண்டின் 37ஆம் வாரம் செய்தது. ஐரோப்பாவில் ஈயக் கட்டுப்பாடு 2006 ஜூலையில் வந்தது. அதற்கு முந்திய போர்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலந்த சொல்டர், 183 பாகை செல்சியஸ் அளவில் உருகும். பிந்தியவை 217ஐத் தாண்ட வேண்டும். புதுக் கைக்குப் பழைய போர்டே இலகு.

முதலில் 0805 என்ற அளவுப் பாகம், அதாவது 2 மில்லிமீற்றர் நீளம், 1.25 அகலம். பிறகு 0603. கை நின்ற பிறகு 0402. அது 1 மில்லிமீற்றருக்கு அரை. 103 என்று எழுதிய ரெசிஸ்டரை (மின்தடை) கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். திரும்ப வைக்கும்போது, ஈயம் நன்றாக ஒட்டப் பூசும் பிளக்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு செம்புத் திட்டுகளில் ஒன்றில் மட்டும் துளி ஈயம் வைத்து, ட்வீசரால் பாகத்தைப் பிடித்து, அந்த ஈயத்தை உருக்கி உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும். மற்றப் பக்கம் அதற்குப் பிறகுதான். ஆறியதும் திரும்ப அளந்து பார்க்கட்டும்.

சூடு கட்டுப்படுத்தும் சொல்டரிங் அயன், கூர் ட்வீசர், பிளக்ஸ், மெல்லிய ஈயக்கம்பி, பூதக்கண்ணாடி, மீட்டர்: இவ்வளவும் போதும். ஹொட் எயர் மெஷின் கேட்டு அடம் பிடித்தால் இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மைக்ரோவேவையும் பழைய டப்பா ரிவியையும் வீட்டில் திறக்கவே கூடாது. மின்சாரம் நேரே வரும் போர்டில் மின்னைச் சேர்த்து வைக்கும் பெரிய கபாசிட்டரில், பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யட்டும், முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடாது.

பெரியப்பா கேட்கும் பட்டத்துக்கும் வழி இருக்கிறது. என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். கடையொன்றில் வேலை பழகி, அந்த அனுபவத்தைக் காட்டி, வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்குத் தோற்றி என்விகியூ சான்றிதழ் எடுக்கும் முறையும் உண்டு. பட்டம்தான் வேண்டுமென்றால் அதிலிருந்து மேலே போகட்டும்.

மூன்று மாதம் கொடுங்கள். அதற்குள் அவனுக்கே அலுத்துவிட்டால் நட்டம் அந்தச் சாமான்களின் விலைதான், காணி அப்படியே இருக்கும். அதன் பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவன் கை வைத்த போர்டுகளையும் கொண்டு வரட்டும். நன்றாக வந்ததை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டாம், செம்பு உரிந்துபோனதையும் நான் பார்க்க வேண்டும்.