ஒன்றுவிடாமல் எழுத வேண்டுமா?

கேள்வி: ஆறு ஆண்டு மணவாழ்க்கையில் என் சம்பளம், கைப்பேசி, தோழிகள் என எல்லாமே கணவரின் பிடியில் இருந்தன. சென்ற ஆண்டு வெளியே வந்துவிட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் கதையாக எழுதினால் மனம் ஆறும் என்கிறார் தோழி. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. எழுத்து உண்மையிலேயே ஆற்றுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த 'ஒன்றுவிடாமல்' என்பதை விட்டுவிடுங்கள். ஒன்றுவிடாமல் எழுத வேண்டிய இடம் வேறு இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் இயற்றப்பட்ட சட்டம், அடிப்பதை மட்டுமல்லாமல் வசைபாடுவதையும், மனத்தை நோகடிப்பதையும், ஒரு பெண்ணுக்குரிய பணத்தை அவளுக்குக் கிடைக்கவிடாமல் செய்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. அதன்கீழ் மனுக் கொடுப்பதாக இருந்தால் தேதி, இடம், உடனிருந்தவர் என்று எல்லாவற்றையும் குறித்துவைப்பது நல்லது. அதற்கு ஒரு நோட்டு போதும். கதைக்கு வேறொரு நோட்டு வாங்குங்கள். அதில் எதை விடுவது, எதை மாற்றுவது, எங்கே தொடங்குவது என்பதெல்லாம் உங்கள் தீர்மானம். தன் கைப்பேசியைக்கூட விருப்பப்படி எடுக்க முடியாமல் வாழ்ந்தவருக்கு அந்தத் தீர்மானமே பெரிய மீட்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அழுகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் உலுக்கிய நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். நடந்ததோடு தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகத் துயரத்தில் இருந்தார்கள். அதற்காக எல்லோரையும் எழுதச் சொல்லிவிடவும் முடியாது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாராவும் அவருடைய குழுவினரும் அண்மையில் துணையைப் பிரிந்தவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததையே மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு உணர்வுகளைக் கிளறி எழுதியது நன்மை செய்யவில்லை. அவர்களில் அன்றாட வேலைகளைச் சாதாரணமாகக் குறித்துவந்தவர்களே நன்றாகத் தேறினார்கள்.

எனக்கு இதில் வியப்பில்லை. இத்தகைய வாழ்க்கையிலிருந்து வெளிவந்தவர்கள் எழுதி அனுப்பும் கதைகளில் பெரும்பாலும் கணவன்தான் பக்கங்களை நிறைத்திருக்கிறான். அவன் குரல், அவன் சட்டை, அவன் கதவைச் சாத்தும் விதம் எல்லாம் துல்லியமாக இருக்கும். அவளுக்கோ எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதுகூட நமக்குத் தெரியவராது. ஆகவே அவன் வராத ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கதைநாயகி பன்னீர்செல்வம் பூங்கா அருகே பேருந்தை விட்டு இறங்கி, தன் சம்பளத்தில் தனக்கென்று ஏதோ வாங்குகிறாள். என்ன வாங்குகிறாள்? இந்த ஒரு கேள்விக்கு விடை காண உங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். ஆகட்டும், அந்த வாரத்தில்தான் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை நீங்களே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சென்னையில் பிறந்த மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2017இல் வந்த 'வென் ஐ ஹிட் யூ' நாவலில், கணவனின் கொடுமைக்குள் அடைபட்ட நாயகி இல்லாத காதலர்களுக்குக் கடிதம் எழுதி, அவன் வீடு திரும்புமுன் அழித்துவிடுகிறாள். தப்பி வந்த பிறகு அவளுடைய கதையை அம்மாதான் வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் அம்மாவே நாயகியாகும்படி. அதனால்தான் தன் கதையைத் தானே எழுத வேண்டும் என்று மகள் முடிவெடுக்கிறாள். பெண்கள் எழுதும் புனைகதைக்கான 'விமன்ஸ் பிரைஸ்' பரிசின் இறுதிப் பட்டியலுக்கு 2018இல் தேர்வான அந்த நாவலையும் ஆசிரியரின் தன்வரலாறாகவே படித்தவர்கள் உண்டு. பெண் எழுதினால் 'சொந்தக் கதையா?' என்று முதலில் கேட்கும் விமர்சகர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் சண்டை, அதை விடுவதாக இல்லை. ஆணின் நாவலில் நடை, வடிவம், பார்வை என்று தேடுகிறவர்கள், பெண்ணின் நாவலில் தடயம் தேடுவது அவளுடைய கற்பனை உழைப்பைத் திருடுவதாகும். அந்தக் கேள்விக்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள் எழுதியதை அலமாரியில் பூட்டிவைக்கிறார்கள்.

தூக்கம் கெட்டாலோ, வாழவே பிடிக்காமல் போனாலோ, எழுதுவதை நிறுத்திவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். கணவர் மீண்டும் மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள். கதை முடிந்ததும் வெளியிட வேண்டும் என்று தோன்றினால் மட்டும், புனைபெயரில் எங்களுக்கு அனுப்புங்கள். ஊரையும் தொழிலையும் உறவுமுறைகளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறீர்களா என்று பார்ப்போம். சொந்தக் கதையா என்று இந்த அலுவலகத்தில் எவரும் உங்களைக் கேட்க மாட்டோம்.