‘மேக்பெத்’ பகுதியைத் தேர்வில் ஆராய்ந்து எழுதுவது எப்படி?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ பாடமாக இருக்கிறது. மொழி, கருப்பொருள், துன்பியல் மரபு என்று தனித்தனியாகக் குறிப்பெடுத்துப் படித்துவிட்டேன். ஆனால் நாடகத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து ஆராயச் சொன்னால் கதையைத்தான் திரும்ப எழுதுகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: உங்கள் குறிப்புகள் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் கிடப்பதுதான் சிக்கல். மேடையில் நம் காதில் விழுவது வசனம். கருப்பொருளும் மரபும் அதன் வழியாகத்தான் நம்மை வந்தடைய முடியும். ஆகவே எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் மொழியில் தொடங்கி, அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் செல்லப் பழகுங்கள்.

இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் வெளியே வருகிறான். “நீங்கள் பேசவில்லையா?” “எப்போது?” “இப்போதுதான்.” “நான் இறங்கி வரும்போதா?” என்று கணவனும் மனைவியும் கிசுகிசுக்கிறார்கள். நாடகத்தின் பெரும்பகுதி எதுகையில்லாத அயாம்பிக் பென்டாமீட்டரில், அதாவது அழுத்தமற்ற அசையும் அழுத்தமான அசையும் மாறி மாறி வரும், சுமார் 10 ஆங்கில அசைகள் கொண்ட வரிகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரே வரியை இங்கே இருவர் நான்கு துண்டுகளாக உடைத்துப் பேசுகிறார்கள். குற்றம் நடந்த மறுகணமே அவர்களுடைய பேச்சு முழு வாக்கியமாக நிற்க முடியாமல் போகிறது என்பதை நீங்கள் எழுதினால், அந்த ஒரு கவனிப்பே ‘குற்ற உணர்வு’ என்ற கருப்பொருளைப் பற்றிய பத்து பொதுவாக்கியங்களைவிட வலுவானது.

அதே காட்சியில், கடல் தெய்வமான நெப்டியூனின் பெருங்கடல் முழுவதும் சேர்ந்தாலும் என் கையின் இரத்தத்தைக் கழுவுமா என்று மேக்பெத் கேட்கிறான். கடல்களை என் கைதான் சிவப்பாக்கும் என்று சொல்ல ‘மல்ட்டிடியூடினஸ்’, ‘இன்கார்னடைன்’ ஆகிய நீண்ட இலத்தீன் வழிச் சொற்களைப் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியிலேயே பச்சைக் கடல் சிவப்பாகும் என்று சின்னஞ்சிறு சொற்களுக்கு இறங்கிவிடுகிறான். சற்று நேரத்தில் அவன் மனைவி, கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயலிலிருந்து நாம் சுத்தமாகிவிடுவோம் என்கிறாள். இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில், உறக்கத்தில் நடந்தபடி, இல்லாத கறையை ஓயாமல் தேய்ப்பவள் அவளேதான். அதுவரை செய்யுளில் கணவனை ஆட்டிவைத்தவள் அங்கே உரைநடையில், தொடர்பற்ற துண்டுகளாகப் பேசுகிறாள். பாத்திரத்தின் வீழ்ச்சி யாப்பின் வீழ்ச்சியாகவே காட்டப்படும் இந்த இடத்தில் மொழி, கருப்பொருள், மரபு மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன.

துன்பியல் மரபைப் பற்றி எழுதும்போது ‘பேராசை அவனுடைய ஹமார்ஷியா’ (நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாகும் பிழை) என்று முடித்துவிடாதீர்கள். அரிஸ்டாட்டில் கூறும் ஹமார்ஷியா பெரும்பாலும் அறியாமையால் நேரும் பிழையைக் குறிக்கிறது. மேக்பெத்தோ முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில், டங்கன் தன் உறவினன், மன்னன், விருந்தினன் என்று கொல்லக் கூடாத காரணங்களைத் தானே அடுக்கி, தன்னைத் தூண்டுவது வெறும் பேராசைதான் என்பதையும் ஒப்புக்கொண்ட பிறகே கொலைக்குத் துணிகிறான். தெரிந்தே விழுபவனிடம் நமக்கு ஏன் இரக்கம் எழுகிறது என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் என் பார்வையில் இந்த நாடகத்தின் முக்கியமான வேலை. மேலும், மேக்பெத்தின் சக தளபதியான பாங்கோவின் கொலையைக் கண்முன் காட்டும் ஷேக்ஸ்பியர், டங்கனின் கொலையை மேடைக்கு அப்பால் வைக்கிறார். நமக்குக் கிடைப்பவை கொலைகாரனின் கைகளும் சொற்களும் மட்டுமே. மேலே சொன்ன காட்சிக்கு அவ்வளவு அழுத்தம் கிடைப்பது அதனால்தான்.

பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. அப்போதைய மன்னர் முதலாம் ஜேம்ஸ் தம்மைப் பாங்கோவின் வழித்தோன்றலாகக் கருதியவர் என்பதால், நாடகத்துக்கு மூலமான, ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் கொலைக்கு உடந்தையாக வரும் பாங்கோ இங்கே குற்றமற்றவனாக்கப்பட்டிருக்கிறான்.

படிக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். வரி எங்கே உடைகிறது, செய்யுள் எங்கே உரைநடையாகிறது என்பதைக் கண்ணைவிடக் காது விரைவில் பிடிக்கும். சூனியக்காரிகளின் பேச்சு குறுகிய, எதுகை கொண்ட, அழுத்தமான அசையில் தொடங்கும் வரிகளில் வேறு தாளத்தில் ஓடுவதும் அப்படித்தான் புலப்படும். ஆனால் அவர்கள் மொழிக்குச் சான்று தரும்போது, சூனியக்காரிகளின் தலைவியான ஹெகேட் வரும் மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியைத் தவிர்த்துவிடுங்கள். அது தாமஸ் மிடில்டன் என்ற நாடகாசிரியர் பின்னர் சேர்த்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முதல் அங்கத்தின் முதல், மூன்றாம் காட்சிகளிலிருந்தே வேண்டிய மேற்கோள்கள் கிடைக்கும்.