இரண்டாவது கிராண்டில் கையெழுத்துப் போடும் முன்

டாக்டர், ஓராண்டு அறுவை சிகிச்சை ஆய்வு உதவித்தொகையில் ஐந்து மாதம் ஓடிய பிறகு வேறொரு அமைப்பின் கிராண்டும் வந்திருக்கிறது, இரண்டையும் வாங்கலாமா, வார இறுதியில் டியூட்டி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வந்திருப்பது உங்கள் வாழ்க்கைச் செலவுக்கா, ஆய்வுச் செலவுக்கா என்று பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்குவதைப் பெரும்பாலான அமைப்புகள் ஒத்துக்கொள்ளாது. ஒன்றை விடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். ஆய்வகப் பொருள், புள்ளியியல் நிபுணர் கட்டணம் போன்றவற்றுக்கு என்றால் சிக்கல் குறைவு, ஒரே பில்லை இரண்டு கணக்கிலும் காட்டாதவரை.

டியூட்டிக்குப் பொதுவாக உதவித்தொகை விதிகளில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு இருக்கும். நான் அந்த வரியைப் படிக்காமல் நைட் டியூட்டி பார்த்தேன். முன்னேற்ற அறிக்கை கொடுக்கும்போது அந்தச் சம்பளம் வெளியே வந்து, இரண்டு மாதத் தொகையைத் திருப்பிக் கட்டினேன். முன்னாலேயே ஒரு மெயில் போட்டிருந்தால் அனுமதித்திருப்பார்களாம்! அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: கட்டுரை வெளியாகும்போது பணம் தந்த எல்லோர் பெயரும் அதில் வர வேண்டும். முதல் அமைப்புக்குத் தெரியாமல் இரண்டாவதை வாங்கினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்றைக்கே முதல் அமைப்புக்கு, புதிய கிராண்டின் தொகை, காலம், நோக்கம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். போனில் சொன்னது ஆடிட்டில் நிற்காது.