மக்காச்சோளமும் தட்டைப்பயறும் கலந்த தீவனத்திற்கு யூரியா எவ்வளவு?

கேள்வி: ஒரு ஏக்கரில் மூன்று வரிசை ஆப்பிரிக்கன் நெட்டை மக்காச்சோளத்திற்கு ஒரு வரிசை தீவனத் தட்டைப்பயறு என்று விதைத்து, அடியுரமாக ஒரு மூட்டை யூரியாவும் முப்பதாம் நாளில் இன்னொரு மூட்டையும் இட்டேன். மக்காச்சோளம் செழித்தது, தட்டைப்பயறு மெலிந்து வெளிறிவிட்டது. அடுத்த முறை மூன்றாவது மூட்டையும் இட்டால் இரண்டும் நன்றாக வருமா?

பதில்: வராது. தட்டைப்பயறு மெலிந்ததற்கு நீங்கள் இட்ட இரண்டாவது மூட்டையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்திருந்தால் பயறுச்செடி வேர்முடிச்சுகளை உருவாக்கிக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதே நேரத்தில் யூரியாவை வேகமாக எடுத்துக்கொள்ளும் மக்காச்சோளம் உயர்ந்து நிழல் கட்டிவிடுவதால், கீழே இருக்கும் கொடிக்கு வெயிலும் கிடைப்பதில்லை. மொத்தப் பசுந்தீவன எடை கூடியிருக்கலாம். ஆனால் உலர் எடையில் மக்காச்சோளத் தீவனத்தின் புரதம் 8 முதல் 10 விழுக்காடுதான். தட்டைப்பயறில் அது ஏறத்தாழ இரு மடங்கு. கறவை மாட்டுக்காக நீங்கள் கலந்து விதைத்ததன் பயனே அந்த ஒரு வரிசையில்தான் இருக்கிறது. ஆகவே தராசில் ஏறும் எடையை மட்டும் வைத்து உர அளவை முடிவு செய்ய வேண்டாம்.

தனிப்பயிராக விதைக்கும் தீவன மக்காச்சோளத்திற்கான பரிந்துரை எக்டேருக்கு (ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்) தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் முறையே 60:40:20 கிலோ. தட்டைப்பயறுக்கு 25:40:20 கிலோ. உங்கள் வரிசைக் கணக்கில் இதைப் பகிர்ந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து வருகிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து என்பதால், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றே முழுப் பயிருக்கும் போதும். அதில் 25 கிலோவை 100 கிலோ சூப்பர் பாஸ்பேட்டுடனும் 13 கிலோ பொட்டாஷுடனும் அடியுரமாக இடுங்கள். வேர்முடிச்சு வளர மணிச்சத்து மிகவும் தேவை என்பதால் சூப்பரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். மீதி 20 கிலோ யூரியாவை முப்பதாம் நாளில் மக்காச்சோள வரிசைகளின் ஓரமாக மட்டும் இட்டு மண் அணையுங்கள். வயல் முழுவதும் வீசுவது கூடாது. பயறு விதையை விதைக்கும் முன் ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (வேர்முடிச்சை உருவாக்கும் நுண்ணுயிர்) கலந்து நேர்த்தி செய்து நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள்.

பயறு இருப்பதால் மக்காச்சோளத்திற்கு யூரியாவே வேண்டாம் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பயறு பிடிக்கும் தழைச்சத்தில் மிகச் சிறு பங்கே அதே பருவத்தில் அருகிலுள்ள பயிருக்குப் போய்ச் சேரும். பசுந்தீவனமாக அறுக்கும்போது பெரும்பகுதி தழையோடு வயலை விட்டுச் சென்றுவிடும்.

முப்பதாம் நாள் மேலுரம் இடுவதற்கு முன் நான்கைந்து பயறுச்செடிகளை வேரோடு தோண்டி எடுத்து முடிச்சுகளை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அவை வேலை செய்கின்றன, பயறு வரிசைக்கு உரம் தேவையில்லை. முடிச்சே இல்லாமல் இலையும் வெளிறியிருந்தால் அந்த வரிசைக்கும் சிறிதளவு யூரியா இடலாம்; அடுத்த முறை விதைநேர்த்தியில் கூடுதல் கவனம் தேவை.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். யூரியா மிகுதியாக இட்ட மக்காச்சோளம் வறட்சியில் வாடினால் அடித்தண்டில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கு நஞ்சாகும். அத்தகைய தீவனத்தை அடித்தண்டை விட்டு உயரமாக அறுத்து, வைக்கோலுடன் கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாடியிருந்த பயிரின் மேல் மழை பெய்தால் ஒரு வாரமாவது அறுக்காமல் காத்திருங்கள்.